முதல் லாரி, முதல் கம்பெனி: வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூரில் லாரி ஓட்டும் வேலைக்கு வர நினைக்கும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் நான்கை இந்த முறை எடுத்துக்கொண்டேன். பிரைம் மூவர், அதாவது ட்ரெய்லரை இழுக்கும் லாரி ஓட்டி, அப்புறம் டிரைவர்களை வேலைக்கு எடுக்கும் பொறுப்பிலும் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு வயது 24. கிளாஸ் 3 லைசென்ஸ் இருக்கிறது, வேனில் பார்சல் டெலிவரி செய்கிறேன். கன்டெய்னர் ஓட்ட ஆசை. புக்கிட் பாத்தோக், உபி, உட்லண்ட்ஸ் என்று மூன்று டிரைவிங் பள்ளிகளில் எங்கே சேர்ந்தால் சீக்கிரம் பாஸ் ஆகலாம்?
– ஈசூன் வாசகர்

தம்பி, சீக்கிரம் பாஸ் ஆவதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். எங்கே படித்தாலும் தேர்வு போக்குவரத்துக் காவல்துறையின் தேர்வுதான், அதனால் இந்த இடம் ஈஸி, அந்த இடம் கஷ்டம் என்று காப்பிக்கடையில் பேசிக்கொள்வதை வைத்துப் பணத்தைக் கட்டாதீர்கள்.

எந்த வண்டி ஓட்டப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் கிளாஸ் 3 லைசென்ஸில் 2,500 கிலோ வெற்று எடை (சுமை ஏற்றாத எடை) வரையுள்ள லாரியைத்தான் ஓட்ட முடியும். அதற்கு மேல் கிளாஸ் 4 வேண்டும், அதற்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், அது உங்களுக்கு ஆகிவிட்டது. கன்டெய்னர் இழுக்கும் பிரைம் மூவர் 7,250 கிலோவுக்குள் இருந்தால் கிளாஸ் 4 போதும், தாண்டினால் கிளாஸ் 5. ஆக, "பிரைம் மூவர் என்றால் கிளாஸ் 5 இல்லாமல் முடியாது" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். நீங்கள் சேர விரும்பும் கம்பெனியின் வண்டி ரோட்டில் நிற்கும்போது அதன் பக்கவாட்டைப் பாருங்கள். வெற்று எடையும் அதிகபட்ச எடையும் அங்கேயே சின்ன எழுத்தில் பெயின்டில் எழுதியிருக்கும். எந்த லைசென்ஸ் தேவை என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும், அநாவசியமாக இரண்டு கோர்ஸுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

பள்ளி விஷயத்துக்கு வருவோம். எல்லாப் பள்ளியிலும் எல்லா நேரமும் கனரக வகுப்பில் இடம் கிடைக்காது, அதனால் முதலில் கேட்க வேண்டியது காத்திருப்பு நேரம். ஒரு பாடம் முடிந்து அடுத்த பாடத்துக்கு எத்தனை நாள் ஆகும், ஒரு தடவை ஃபெயில் ஆனால் மறு தேர்வுக்குத் தேதி எப்போது கிடைக்கும், மாலையிலும் வார இறுதியிலும் வகுப்பு உண்டா, ஒரே பயிற்றுநர் தொடர்ந்து வருவாரா என்று கவுன்டரில் நின்று கேளுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு பாடம் என்று இழுத்தால் கை மறந்துவிடும், ஒவ்வொரு முறையும் முந்தைய பாடத்தையே திரும்பப் படிக்க வேண்டியிருக்கும், காசும் போகும். நீங்கள் பகலில் வேலை செய்கிறவர், ஈசூனில் இருக்கிறீர்கள். உங்கள் வகுப்புக்கு அங்கே இடம் கிடைத்தால் உட்லண்ட்ஸ்தான் பக்கம். வேலை முடிந்த களைப்போடு தீவின் அந்தக் கோடிக்குப் போய் வருவது சில வாரத்திலேயே சலித்துவிடும். விடாமல் போக முடிகிற பள்ளிதான் உங்களுக்கு நல்ல பள்ளி, கட்டணத்தில் இருக்கும் சின்ன வித்தியாசத்தை அதற்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, பழகப் போகும் வண்டி என்ன, அதன் பின்னால் ட்ரெய்லர் கோத்திருக்குமா என்று கட்டாயம் கேளுங்கள். ஒரே உடம்பாக இருக்கும் லாரியை ரிவர்ஸ் எடுப்பதும் ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுப்பதும் வேறு வேறு வித்தை. ட்ரெய்லரின் பின்பக்கம் வலது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்ப வேண்டும். அது திரும்பத் தொடங்கிய உடனே கையை மாற்றி அதைத் துரத்திக்கொண்டே போக வேண்டும், ஒரு நொடி தாமதித்தால் வண்டி கத்திரிபோல மடிந்துவிடும். இது லைசென்ஸ் எடுப்பதோடு வந்துவிடுகிற பழக்கம் இல்லை. லைசென்ஸ் கையில் இருந்தும் சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் ட்ரெய்லரை ஒரு முறைகூட ரிவர்ஸில் விடாதவர்கள் நேர்முகத்துக்கு வந்து நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை நான் குறைவாக நினைத்ததில்லை, அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கும் கம்பெனிதான் அவர்களுக்கு வேண்டும். அதனால் உங்களுக்கு என் யோசனை இதுதான்: பள்ளியைத் தேடும் அதே நேரத்தில் கம்பெனியையும் தேடத் தொடங்குங்கள். "கிளாஸ் 4 முடித்துவிட்டு வருகிறேன், பழைய டிரைவரோடு உட்கார வைத்துப் பழக்குவீர்களா?" என்று இப்போதே நாலு இடத்தில் கேட்டு வையுங்கள்.

என் கணவர் கிளாஸ் 4 எடுத்துவிட்டார். நாங்கள் நிரந்தரவாசிகள். ஒரு கம்பெனி அடிப்படைச் சம்பளம் 1,300 வெள்ளியும் மீதி ட்ரிப் காசும் தருகிறது, மாதம் நிறைய வரும் என்கிறார்கள். இன்னொன்று 2,000 வெள்ளி அடிப்படைச் சம்பளம், ட்ரிப் காசு குறைவு. அவர் முதலாவது என்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது.
– ஜூரோங் வெஸ்ட் வாசகி

சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. முதல் வேலைக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன், அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

லாரி ஓட்டுநர்கள் வேலை நியமனச் சட்டத்தில் 'தொழிலாளி' என்ற பிரிவில் வருகிறார்கள். அடிப்படைச் சம்பளம் மாதம் 4,500 வெள்ளிக்கு மேல் போகாதவரை வேலை நேரம், ஓவர்டைம், வார ஓய்வு எல்லாவற்றுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. வாரத்துக்கு 44 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு தர வேண்டும். ஆனால் அந்த ஒன்றரை மடங்கு அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் கணக்காகும். மாதச் சம்பளத்தை 12 ஆல் பெருக்கி, 52ஐ 44 ஆல் பெருக்கி வரும் 2,288 ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்தின் விலை கிடைக்கும். 2,000 வெள்ளிக்கு அது சுமார் 10.49, ஓவர்டைம் 15.73 வெள்ளி. 1,300 வெள்ளிக்கு 6.82, ஓவர்டைம் 10.23 வெள்ளிதான். ஓவர்டைம் செய்யும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஐந்தரை வெள்ளி குறைகிறது. துறைமுக வாசலில் லாரி வரிசையில் நிற்கும் நேரம், கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் வரக் காத்திருக்கும் நேரம் எல்லாம் இதில்தான் அடங்கும், அந்த நேரத்துக்கெல்லாம் ட்ரிப் காசு வராது. "ட்ரிப் காசு கொடுக்கிறோம், அதனால் ஓவர்டைம் கிடையாது" என்று சொன்னால் அது செல்லாது.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். புதிதாக ஓட்டுகிறவர் மெதுவாகத்தான் ஓட்ட முடியும், ஓட்டவும் வேண்டும். ட்ரிப்பை நம்பி வீடு நடக்கிறது என்றால் அவர் கை தானாக அவசரப்படும். அதிகபட்ச எடை 12,000 கிலோவுக்கு மேற்பட்ட லாரிக்கு விரைவுச்சாலையிலும் 60 கிலோமீட்டர்தான் வேகம், வேகத் தடுப்புக் கருவியும் இருக்க வேண்டும், இப்போது 3,500 கிலோவுக்கு மேற்பட்ட சிறிய லாரிகளுக்கும் கட்டம் கட்டமாக அது வருகிறது. வேகத்தில் சம்பாதிக்க இனி வழியில்லை, அப்புறம் சாப்பாட்டு நேரத்திலும் தூக்கத்திலும்தான் கை வைப்பார்கள். மாட்டினால் தண்டப் புள்ளி அவர் லைசென்ஸில் ஏறும், கம்பெனியின் மேல் ஏறாது. 24 மாதத்தில் 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் முடக்கம், அதோடு பிழைப்பும் முடக்கம்.

சேருவதற்கு முன் அவர் கேட்க வேண்டியது சில உண்டு. முதல் சில வாரம் யாரோடு அனுப்புவார்கள்? ஒரு நல்ல பழைய டிரைவர் பக்கத்தில் இருந்தால், ட்ரெய்லரைக் கோத்ததும் வண்டியை லேசாக முன்னே இழுத்துப் பார்க்கச் சொல்வார், அப்புறம் கீழே இறங்கி டார்ச் அடித்து, ட்ரெய்லரை லாரியோடு இணைக்கும் கிங் பின்னைச் சுற்றிப் பூட்டு மூடியிருக்கிறதா, காற்று ஹோஸ் சரியாக மாட்டியிருக்கிறதா, ட்ரெய்லரைத் தாங்கி நிற்கும் முன் கால்கள் முழுசாக ஏறியிருக்கிறதா, கன்டெய்னரின் நாலு மூலையிலும் அதை ட்ரெய்லரோடு பூட்டும் ட்விஸ்ட் லாக் திரும்பியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார். உயரமான கன்டெய்னர் ஏற்றினால் 4.5 மீட்டரைத் தாண்டுகிறதா என்று பார்க்கக் கற்றுத்தருவார், தாண்டினால் அனுமதியும் துணை வண்டியும் இல்லாமல் நகரக் கூடாது. இதையெல்லாம் எந்த வகுப்பிலும் இவ்வளவு நிதானமாகச் சொல்ல நேரம் இருக்காது. முதல் நாளே சாவியைக் கையில் கொடுத்து "ஓட்டிக்கோ" என்கிற கம்பெனி எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் வேண்டாம்.

வண்டியில் கீறல் விழுந்தால் யார் கட்டுவது என்றும் கேளுங்கள். முதல் வருஷத்தில் கீறல் விழாத டிரைவர் அபூர்வம். அவர் தவறு என்றாலும் விசாரித்து, அவர் பக்கத்தைக் கேட்ட பிறகே பிடிக்கலாம், அதுவும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரே முறைதான். வேலை நிபந்தனைகளை வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும், மாதா மாதம் பிரித்துக் காட்டிய சம்பளச் சீட்டும் தர வேண்டும். அந்தக் கம்பெனியின் பழைய சம்பளச் சீட்டு ஒன்றை அங்கே வேலை செய்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். அதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

நிரந்தரவாசி என்பதால் இன்னொன்றும் உண்டு: வெளிநாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் கம்பெனி என்றால், 2023 மார்ச் 1 முதல் ஓட்டுநர்களுக்கான படிப்படியான சம்பள முறைப்படிக் குறைந்தபட்ச ஊதியம் தந்தாக வேண்டும். அந்த 1,300க்கு அங்கே என்ன விளக்கம் சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, மனிதவள அமைச்சின் இணையப் பக்கத்தில் இந்த ஆண்டுக்கான தொகையோடு ஒப்பிடுங்கள்.

நான் கட்டுமானத்தில் ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறேன். ஊர் சிவகங்கை. முதலாளி கிளாஸ் 4 படிக்க வைக்கிறேன், ஆனால் இரண்டு வருஷ ஒப்பந்தம் போடு என்கிறார். ஊரில் என் மைத்துனனுக்கும் சிங்கப்பூரில் லாரி டிரைவர் வேலை என்று ஒரு ஏஜென்ட் பணம் கேட்கிறான். இரண்டுக்கும் பதில் சொல்லுங்கள் அண்ணே.
– துவாஸ் வாசகர்

தம்பி, படிக்க வைப்பது நல்ல விஷயம், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன் தாளை வாங்கி ஒரு நாள் வைத்துப் படியுங்கள், புரியாவிட்டால் தமிழ் தெரிந்தவரிடம் காட்டுங்கள். இடையில் போனால் எவ்வளவு கட்ட வேண்டும், மாதம் போகப் போக அந்தத் தொகை குறையுமா, அவர்களே உங்களை நிறுத்தினால் என்ன ஆகும், தேர்வில் ஃபெயில் ஆனால் யார் செலவு என்ற நாலும் அதில் எழுதியிருக்க வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது. ஒப்பந்தத்துக்குப் பிணையாகப் பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள், அதை வைத்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை கிடையாது.

லைசென்ஸ் வந்ததும் பெர்மிட்டில் தொழில் என்ன என்று போட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். பெர்மிட்டில் உள்ள முதலாளிக்கு, அதில் உள்ள தொழிலைத்தான் செய்யலாம். பகல் முழுக்க சைட்டில் வேலை செய்துவிட்டு மாலையில் பின்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு டார்மிட்டரிக்கு ஓட்டு என்று சொன்னால் போதுமான ஓய்வு கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் உங்கள் அறைக்காரர்கள்தானே. பிரச்சினை வந்தால் சிராங்கூன் ரோட்டில் உள்ள வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்குப் போங்கள், தமிழிலேயே பேசலாம்.

மைத்துனன் விஷயத்தில், வழி இருப்பது உண்மைதான். 2025 செப்டம்பர் 1 முதல் இந்தியா உள்ளிட்ட சில நாடுகளிலிருந்து கனரக வாகன ஓட்டுநர்களை ஒர்க் பெர்மிட்டில் எடுக்கலாம், மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி இருக்க வேண்டும். ஏஜென்ட்கள் இதைக் காட்டித்தான் இப்போது பணம் கேட்கிறார்கள். உங்கள் மைத்துனன் கேட்க வேண்டியது கம்பெனியின் பெயர், 2,000 வெள்ளிக்குக் குறையாத சம்பளம் எழுதிய வேலை ஒப்புதல் கடிதம், இரண்டும்தான். இங்குள்ள ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது. வேலை கொடுப்பதற்கென்று முதலாளி காசு வாங்குவது குற்றம். இந்திய லைசென்ஸை இங்கே அப்படியே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அதுவும் பொய், குறைந்தபட்சம் அடிப்படைத் தியரித் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும், வேலைக்காக ஓட்டுகிறவர் ஆறு மாதத்துக்குள் சிங்கப்பூர் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். தியரியைத் தமிழில் எழுதலாம் என்பது ஒரு நல்ல செய்தி. நகையை அடகு வைக்கும் முன் இந்தப் பத்தியை அவனுக்குப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

துவாஸ் துறைமுகத்தில் டிரைவர் இல்லாத வண்டிகள் ஓடுகின்றனவே, இந்த வேலைக்கு இப்போது வரலாமா?
– செம்பவாங் வாசகர்

வரலாம். அந்த வண்டிகள் கப்பலுக்கும் துறைமுக யார்டுக்கும் நடுவில் ஓடுகின்றன. துறைமுக வாசலைத் தாண்டிக் கிடங்குக்கும் தொழிற்சாலைக்கும் கன்டெய்னரைக் கொண்டுபோவது இன்றும் டிரைவர்தான். ஆனால் தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி முனையங்களின் வேலை 2027க்குள் துவாஸுக்கு மாறுவதாகத் திட்டம். நகரப் பக்கம் குடியிருந்துகொண்டு கம்பெனி பார்க்கிறீர்கள் என்றால், லாரியை ராத்திரி எங்கே நிறுத்துகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பெரிய லாரியை வீட்டுக் கீழே விட முடியாது, அதற்கென்று உள்ள நிறுத்துமிடத்தில்தான் விட வேண்டும். அந்த இடம் மேற்குக் கோடியில் இருந்து, அதிகாலை 5 மணிக்கு வண்டியை எடுக்க வேண்டும் என்றால் முதல் ரயிலைப் பிடித்தும் போய்ச் சேர முடியாது. கம்பெனி ஆள் அழைத்துப்போக வண்டி அனுப்புமா என்று அப்போதே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.