துணியில் இரண்டு மீன்கள்

அன்புள்ள ஐயா,
ஜெர்மனியில் ஒரு யூத அருங்காட்சியகத்தில் நீளமான துணிப்பட்டை ஒன்றைப் பார்த்தேன். எபிரேய எழுத்துகளுக்கு நடுவே இரண்டு மீன்கள். மீன ராசி என்றார் வழிகாட்டி. உருவங்களை அவ்வளவு கண்டிப்பாக விலக்கிய மதத்தில் ராசிக்கு என்ன வேலை? இதுவும் தாயத்துதானா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் பார்த்தது விம்பெல். ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் நடக்கும். அன்று சுற்றிய துணியைத் துவைத்து, பட்டைகளாக வெட்டி, முனையோடு முனை தைத்து நீளமாக்குவார்கள். அதில் பெயர், பிறந்த தேதி, 'நல்ல மஸலில் பிறந்தான்' என்ற வரி, பக்கத்தில் அந்த மாதத்து ராசி. அப்புறம், யூத வேதமான தோரா படிக்கவும் கல்யாணப் பந்தலில் நிற்கவும் நற்செயல் செய்யவும் வளரட்டும் என்ற வாழ்த்து. பையன் கொஞ்சம் வளர்ந்ததும் தோராச் சுருளைக் கட்ட அதை ஜெபாலயத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

'மஸல்' என்றால் ராசிதான். இன்று எல்லோரும் சொல்லும் 'மஸல் தோவ்' வாழ்த்துக்கு நேர்ப்பொருள் 'நல்ல ராசி'. நாம் 'ராசியான கை' என்கிறோமே, அப்படித் தேய்ந்த சொல். யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதில் ரபி (மத அறிஞர்) யோஹனான் 'இஸ்ரவேலருக்கு மஸல் கிடையாது' என்கிறார். அதே இடத்தில் ரபி ஹனினா 'உண்டு' என்கிறார். இஸ்ரேலின் பெத் ஆல்ஃபாவில் 1928-29இல் கண்டெடுத்த 6ஆம் நூற்றாண்டு ஜெபாலயத் தரையிலோ, ராசிச் சக்கரத்தின் நடுவே நாலு குதிரைத் தேரில் சூரியனே வருகிறான்! கண்டிப்பு எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை.

ஐரோப்பியப் படங்களில் தனுசு ஒரு வில்லாளி. எபிரேயத்தில் அதன் பெயர் 'கெஷெத்', வெறும் வில். கும்பம் 'த்லி', வாளி. அதனால் மனித உருவத்தைத் தவிர்க்க நினைத்த கைவினைஞருக்குச் சிரமமே இல்லை. வில்லையும் வாளியையும் வரைந்தால் போதும். தனுசு என்றாலே வில், கும்பம் என்றாலே குடம் என்று பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

தாயத்து வேறு. துணியில் இருப்பது ஆசி. பயமெல்லாம் பிரசவ அறைச் சுவரில் ஒட்டிய தாயத்துத் தாளில். ஆதாமை விட்டு ஓடிப்போன முதல் மனைவி லிலித் பச்சைக் குழந்தைகளைத் தேடி வருவாளாம். அவளைத் துரத்திப் பிடித்த தேவதூதர்கள் மூவர்: செனோய், சன்செனோய், செமங்கெலோஃப். இவர்களின் பெயரையோ உருவத்தையோ எங்கே கண்டாலும் அந்தக் குழந்தையைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தாள் என்கிறது பென் சீராவின் பெயரில் வழங்கும் பழங்கதை. ஆக, அது மந்திரம் என்பதைவிட, எழுதிக் கொடுத்த பத்திரத்தைக் கண்ணில் படும்படி மாட்டி வைப்பது. 1701இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான 'ராசியேல்' என்ற எபிரேய மந்திர நூலில் அந்த மூவரும் குழந்தை கிறுக்கிய குருவிகள் மாதிரி இருக்கிறார்கள். லிலித்துக்கு அடையாளம் தெரிந்தால் சரி.