நூறு பிரேம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். நானும் என் சித்தப்பா மகனும் சேர்ந்து பினாங்குத் தமிழர்களின் பழைய கதைகளைப் பதிவு செய்து யூடியூபில் போடுகிறோம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர் என்று இதுவரை பதினொரு பேர். எங்கள் அலைவரிசையின் பெயரில் 'கொடிமலை' என்ற சொல் வருகிறது, பினாங்கு மலைக்கு நம்மவர்கள் சொல்லும் பெயர். அதற்கு ஒரு லோகோ அசைவை இரண்டு மாதம் உட்கார்ந்து செய்தேன். ஃபெரி வருகிறது, கேமரா மேலே போகிறது, மலை தெரிகிறது, ரயில் ஏறுகிறது, மேகம் விலகுகிறது, எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்து மின்னுகின்றன. மொத்தம் 12 விநாடி. அம்மாவிடம் காட்டினேன். "நல்லாதான் இருக்கு, எப்பப்பா ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். எதை வெட்டுவது என்றே தெரியவில்லை, எல்லாமே பிடித்திருக்கிறது. நீங்கள் கோலாலம்பூரில் தொலைக்காட்சிக்கு இதே வேலை செய்தவர் என்று படித்தேன். பார்த்துச் சொல்வீர்களா?

பட்டர்வொர்த் வாசகன்

*

அன்புள்ள தம்பி,

பார்த்தேன். முதலில் மடிக்கணினியில், அப்புறம் கைப்பேசியில், அப்புறம் எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு ஒலியை அணைத்துவிட்டு. இருபது தடவையாவது இருக்கும். முதல் தடவை எனக்கும் பிடித்தது. ஏழாவது தடவை ஃபெரி வரும்போதே விரல் தானாகத் திரையைத் தள்ளப் போனது.

உங்கள் அம்மா கேட்டதுதான் கேள்வி. அவர் லோகோ பார்க்க உட்காரவில்லை, மூட்டை தூக்கிய பெரியவர் பேசுவதைக் கேட்க உட்கார்ந்தார். பதினொரு பதிவையும் பார்க்கிற ஒருவர் உங்கள் லோகோவுக்கு மட்டும் 132 விநாடி கொடுக்கிறார். உங்கள்மேல் அதிகப் பிரியம் உள்ளவர்தான் அதிகமாகக் காத்திருக்கிறார். இந்த வேலையை முதல் தடவை பார்ப்பவரை நினைத்துச் செய்யக்கூடாது, நூறாவது தடவை பார்ப்பவரை நினைத்துத்தான் செய்ய வேண்டும். யூடியூபில் விளம்பரத்தைத் தாண்ட ஐந்து விநாடி காத்திருந்து பழகிய விரல் அது. அதற்குள் முடித்துவிடுங்கள்.

நான்கு விநாடி என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 25 பிரேமில், அதாவது 25 படங்களில், செய்திருக்கிறீர்கள், ஆக நூறு பிரேம். போதுமா என்று தோன்றும். பிரிட்டனில் சேனல் ஃபோர் தொலைக்காட்சி 1982-இல் தொடங்கியபோது ஒன்பது வண்ணக் கட்டைகள் பறந்து வந்து '4' என்று சேர்ந்தன, கூடவே நான்கு சுரம். அவ்வளவுதான். அதையே 1996 வரை வைத்திருந்தார்கள். விண்டோஸ் 95-க்கான தொடக்க ஒலியை இசையமைப்பாளர் பிரையன் ஈனோவிடம் கேட்டபோது மூன்றேகால் விநாடிதான் வேண்டும் என்றார்களாம். அதற்காக அவர் 84 துண்டுகள் செய்து பார்த்திருக்கிறார். சின்ன வேலைக்குச் சின்ன உழைப்பு போதாது என்பதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் இது. உங்கள் இரண்டு மாதம் வீண் என்று நினைக்காதீர்கள். நூறு பிரேமைத் தேர்ந்தெடுக்க அந்த முந்நூறு பிரேமும் வேண்டியிருந்தது.

எதை வைத்துக்கொள்வது? ரயிலை. மற்றதெல்லாம் போகட்டும். ஃபெரியை விட மனசு வராது, தெரியும், தினமும் அதைப் பார்க்கிற ஊர் உங்களுடையது. ஆனால் பெயரில் இருப்பது மலை. துறைமுகத்துக்காரர்களின் பதிவுகளை ஒரு வரிசையாகப் போடும்போது ஃபெரியை அதற்குத் தனியாகப் பயன்படுத்துங்கள், அழகாக இருக்கும். கேமரா ஏற்றமும் மேகமும் ரயிலை நோக்கி நம்மைக் கூட்டிப்போகிற வழிதான். நேரே ரயிலிலேயே ஆரம்பித்தால் வழி எதற்கு?

இப்போது அந்த ரயிலைக் கொஞ்சம் பேசலாம். உங்கள் வண்டி அடியிலிருந்து உச்சிவரை ஒரே வேகத்தில் போகிறது. தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று என இரண்டு கீஃபிரேம் வைத்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறீர்கள். ஒரு நாள் மலையடிவாரத்து ஆயர் ஈத்தாமில் ஏறி, ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியோடு ஒட்டி நின்று பாருங்கள். வண்டி கிளம்பும்போது முதலில் ஒரு தயக்கம் இருக்கும். கம்பிவடம் இறுகும், அப்புறம்தான் நகரும். வேகம் பிடித்துப் போய் உச்சி நிலையம் நெருங்கும்போது மெல்லத் தளர்ந்து நிற்கும். வேகத்தைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் அந்த வளைவைத்தான் நீங்கள் வரைய வேண்டும். கிளம்புமுன் நாலைந்து பிரேம் ஒரு இறுக்கம், பிறகு ஏற்றம், கடைசியில் நீளமான தளர்வு. இன்னொன்று, இது கம்பிவட ரயில். ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும், நடுவழியில் தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் இரண்டும் விலகிக்கொள்ளும். 1923-இல் ஓடத் தொடங்கிய பழைய ஏற்பாட்டில் பாதி வழியில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். 2011-இல் வந்த புது வண்டி ஒரே ஓட்டமாக மேலே போகிறது. உங்கள் திரையிலும் அப்படி ஒரே ஓட்டம் இருக்கட்டும். ஒன்று ஏற, ஒன்று இறங்க, நடுவில் ஒரு கணம் சந்திப்பு. பழைய கதை கேட்கிற அலைவரிசைக்கு இதைவிடப் பொருத்தமான அசைவு எனக்குத் தோன்றவில்லை.

எழுத்துக்கு வருகிறேன். என் மனசு அதிகம் கிடந்து அடித்துக்கொண்டது இங்கேதான். 'கொ' விழுகிற இடத்தை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தேன். முதலில் க வருகிறது. அடுத்து அதன் பின்னால் ஒற்றைக்கொம்பு, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தோடு, மூன்று பிரேமுக்கு. அப்புறம் சரியாகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது என்று நினைத்திருப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். கோலாலம்பூரில் நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில் இதே மாதிரி உடைந்த ஒரு கொம்போடு தீபாவளி லோகோ ஒளிபரப்பாகிவிட்டது. அடுத்த நாள் காலை செந்தூலிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் போன் செய்தார். திட்டவில்லை. "அம்மா, பிள்ளைகள் பார்க்கிறார்கள்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து தமிழ் எழுத்து வருகிற எந்தப் பிரேமையும் ஒவ்வொன்றாகப் பார்க்காமல் நான் அனுப்பியதில்லை.

காரணம் இதுதான். கணினி 'கொ'வைக் காது கேட்கிற வரிசையில் வைத்திருக்கிறது: க, அப்புறம் ஒகரக் குறி. கை எழுதுகிற வரிசை வேறு: கொம்பு, க, கால். அசைவு செய்யும் மென்பொருளான ஆப்டர் எஃபெக்ட்ஸில் தெற்காசிய எழுத்துகளுக்கென்று தனி அமைப்பு உண்டு, அதை முதலில் மாற்றுங்கள். அதோடு நிற்காமல் சொல்லை முழுவதும் வடிவமாக மாற்றிவிட்டு, கொம்பு, க, கால் என்று கையால் பிரித்து அசையுங்கள். 'லை'க்கும் அதே கதைதான், கொம்பு முன்னால் வரவேண்டும். அப்போது எழுத்து மேலிருந்து விழ வேண்டிய அவசியமே இல்லை, யாரோ எழுதுவது போல இடமிருந்து வலமாக வரும். 'டி'யின் மேல்விலங்கை மட்டும் கடைசிக்கு வையுங்கள். புக்கிட் பெண்டேரா என்று மலாயிலும் கொடிமலை என்று நம்மவர்களும் சொல்வது மேலே நின்ற கொடிக்கம்பத்தை வைத்துத்தானே? அந்த மேல்விலங்கே கொடி. ரயில் உச்சியில் நிற்கிறது, மேல்விலங்கு ஒரு தடவை படபடத்து அடங்குகிறது. தன் இடத்தைத் துளி தாண்டிப் போய்த் திரும்பி வந்தால் போதும், எட்டுப் பிரேம்.

அதன் பிறகு ஒன்றும் செய்யாதீர்கள். குறைந்தது முப்பது பிரேம் பெயர் சும்மா நிற்கட்டும். இப்போது உங்கள் பெயர் ஒளிர்ந்து முடிந்ததும் மறைகிறது, படிக்க நேரமே இல்லை.

அந்த மின்னலை எடுத்துவிடுங்கள், இது ரசனைக்காகச் சொல்வதில்லை. எண்ணினேன், ஒரு விநாடிக்குள் ஐந்து தடவை வெட்டுகிறது. மூன்றைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூனில் வந்த சிவப்பு நீல மின்னலால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போனார்கள்.

ஒலிக்கு ஒரே ஒரு குறிப்பு. கொடி அடங்குகிற இடத்தில் ஒலியும் முடியட்டும். 25 பிரேமில் ஒரு பிரேம் 40 மில்லிவிநாடி. ஒலி ஒரு பிரேமுக்குச் சற்று மேல் முந்தினாலே நம் காது கண்டுபிடித்துவிடும், மூன்று பிரேம் வரை பிந்தினால் பொறுத்துக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் பிந்த விடுங்கள். கம்பிவடத்தின் முனகலையே பதிவு செய்து பார்க்கலாம், கடையில் வாங்கிய மணியோசையைவிட அது உங்களுடையது.

புதிய வடிவம் தயாரானதும் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டாதீர்கள். அவர் வெங்காயம் நறுக்கும்போது பக்கத்தில் பதிவை ஓடவிடுங்கள். என்ன கேட்கிறார் என்று எனக்கு எழுதுங்கள். பன்னிரண்டாவது பதிவு யாருடையது என்பதையும்.

அன்புடன்,
அக்கா