பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

இந்த இதழில் பழைய வீட்டின் வெளிச்சுவர் வேலையைத் தாங்களே செய்ய நினைப்பவர்களின் கேள்விகள்.

எங்கள் வீடு தாத்தா காலத்து ஓட்டு வீடு, எண்பது வயதுக்கு மேல் இருக்கும். தெருப்பக்கச் சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பெயிண்ட் உரிந்து உப்பு பொரிந்து கொட்டுகிறது. நான்கு வருடத்துக்கு முன் சிமென்ட் பூசி, எமல்ஷன் அடித்தோம். ஒரே மழைக்காலம்தான், திரும்பவும் அதே கதை. இந்த முறை நானும் மகனும் சேர்ந்தே செய்யலாம் என்றிருக்கிறோம். என்ன பெயிண்ட் வாங்குவது?
*வாசகி, கும்பகோணம்*

பெயிண்ட்டைப் பற்றிக் கடைசியில் பேசலாம் அம்மா. உங்கள் சுவரில் பெயிண்ட் தப்பு செய்யவில்லை.

அந்தக் காலத்துச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், பல வீடுகளில் உள்ளே வெறும் மண் சாந்தும் வைத்துக் கட்டியது. அஸ்திவாரத்தில் ஓதம் தடுக்கும் அடுக்கு எதுவும் இருக்காது. மண்ணிலிருக்கும் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறத்தான் செய்யும், அப்படி ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். மேலே சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையும் இருந்தவரை அந்த ஈரம் பூச்சு வழியாகவே ஆவியாகிப் போய்விட்டது, ஓதம் ஒரு அடியோடு நின்றது. நீங்கள் அதன்மேல் கெட்டியான சிமென்ட்டைப் பூசி, அதற்கும் மேல் எமல்ஷன் அடித்து அடைத்ததும், போக வழியில்லாத ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறி, கிடைத்த இடத்தில் வெளியே வருகிறது. வந்த இடத்தில் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி அதைத் தள்ளிப் பெயர்க்கிறது. அதனால் இன்னொரு தடவை சிமென்ட் பூசினாலும், கடையில் சொல்லும் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங்கை வெளியே அடித்தாலும் காசுதான் போகும், ஏனென்றால் உங்கள் வீட்டுத் தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே வரவில்லை, கீழேயிருந்து ஏறுகிறது.

முதல் வேலை மண்வெட்டி வேலை. வாசலில் நின்று தெருவைப் பாருங்கள். வருடா வருடம் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, தெரு உங்கள் திண்ணை மட்டத்துக்கு வந்திருக்கும். தெரு உங்கள் கையில் இல்லை, ஆனால் சுவரை ஒட்டியிருக்கும் உங்கள் மண் உங்கள் கையில் இருக்கிறது. உள்தரை மட்டத்துக்கு அரை அடியாவது கீழே போகும்படி சுவரோர மண்ணை வெட்டி எடுங்கள். சுவரை ஒட்டிச் சிமென்ட் தளம் போட்டிருந்தால் ஒரு அடி அகலத்துக்கு அதை உடைத்துவிட்டு ஜல்லி நிரப்புங்கள், ஈரம் அந்த வழியாகக் காய்ந்து போகும். ஓட்டு விளிம்பிலிருந்து விழும் தண்ணீர் சுவரடியில் தெறிக்கிறதா, குளியலறைக் குழாய் எங்காவது கசிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சுவரின் அடி நீளத்துக்கும் ஒரே உயரத்தில் ஈரக்கோடு தெரிந்தால் அது ஓதம். ஒரு இடத்தில் மட்டும் திட்டாகத் தெரிந்தால் பெரும்பாலும் குழாயோ கூரையோதான்.

அப்புறம் அந்தச் சிமென்ட் பூச்சைக் கழற்ற வேண்டும். சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே வாருங்கள், டொக்கு டொக்கு என்று பொள்ளலாகக் கேட்கும் இடம் லேசாகப் பெயர்ந்து வரும், அங்கிருந்து தொடங்குங்கள். உளியைச் சாய்த்துப் பிடியுங்கள், நேராக அடித்தால் செங்கல்லின் முகம் சேர்ந்து வந்துவிடும், பழைய செங்கல்லுக்கு அந்த முகம்தான் பலம். மொத்தச் சுவரையும் ஒரே நாளில் உரிக்க வேண்டாம், நாலடி நாலடியாகப் போங்கள், அதுவும் மண் சாந்துச் சுவராக இருந்தால் கண்டிப்பாக. ஓதம் தெரிகிற உயரத்துக்கு மேலும் ஒரு அடி எடுத்துவிடுங்கள்.

வெளியே தெரியும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழுந்த தூளைச் சாக்கில் அள்ளித் தூரக் கொண்டுபோய்ப் போடுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி பூக்கும், மறுபடி தேயுங்கள். தையில் பெயர்த்தால் சித்திரை வெயில் முழுக்கச் சுவர் வெறும் உடம்போடு நிற்கட்டும். பார்க்க நன்றாக இருக்காது, போகிற வருகிறவர்கள் கேட்பார்கள். ஆனால் இந்த மூன்று மாதக் காய்ச்சலைத் தவிர்த்துவிட்டுச் செய்கிற எந்த வேலையும் நிற்காது, நான் பார்த்தவரையில் எல்லா வீட்டிலும் அவசரப்படும் இடம் இதுதான்.

ஆனி வாக்கில் சுண்ணாம்புப் பூச்சு. செங்கல் இடுக்கை அரை அங்குலம் சுரண்டி, சுவரை நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்பு விழுதுக்கு மூன்று பங்கு சலித்த மணல் என்று கலந்து, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பூசுங்கள். அது இறுகிய பிறகு, சில நாள் விட்டு, இரண்டாவது கை. சிமென்ட் மாதிரி மறுநாளே கெட்டியாகவில்லையே என்று பயப்பட வேண்டாம், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்லத்தான் கல்லாகும். அதற்கு ஈரமும் வேண்டும், அதனால் வெயிலும் காற்றும் நேராகப் படாமல் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து ஒரு வாரமாவது பார்த்துக்கொள்ளுங்கள். நாலு நாளில் சீக்கிரம் கெட்டியாகட்டும் என்று ஒரு கரண்டி சிமென்ட் சேர்க்கச் சொல்வார்கள், சேர்க்காதீர்கள்.

புரட்டாசிக்குள், ஐப்பசி மழைக்கு முன், வெள்ளை. சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, துணியில் வடிகட்டி, மூன்று கை மெல்லிசாக அடியுங்கள். கெட்டியாக ஒரே கை அடித்தால் செதில் செதிலாக வரும். ஒட்டுவதற்கு உப்புப் போடும் வழக்கம் உண்டு, உங்கள் சுவரில் உப்பே பிரச்சினை என்பதால் அதற்குப் பதில் வஜ்ரப் பசையோ மரப்பிசினோ கரைத்து ஊற்றுங்கள். நிறம் வேண்டுமென்றால் காவி, மஞ்சள் காவி இரண்டும் மண்ணிலிருந்து வருபவை, சுண்ணாம்பின் காரத்தில் வெளுக்காது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெள்ளையடிக்க வேண்டியிருக்கும், ஆனால் அது பொங்கலுக்கு முன் நீங்களும் மகனும் ஒரு ஞாயிறில் முடித்துவிடக்கூடிய வேலை.

சுண்ணாம்பை நாமே நீற்றலாமா? கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்க்க வேண்டும் என்கிறார்களே?
*வாசகர், காரைக்குடி*

நீற்றலாம், ஆனால் கவனம் அதிகம் வேண்டிய வேலை. சுட்ட சுண்ணாம்புக்கல் தண்ணீரைத் தொட்டதும் கொதிக்கும். இரும்பு டிரம்மில் தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டு, அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கல்லைக் கொட்டிவைத்து அதன் தலையில் தண்ணீர் ஊற்றினால் மேலே தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, முழுக்கைச் சட்டை, பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் கட்டாயம். பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. கண்ணில் பட்டால் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள், சுண்ணாம்பு கண்ணைக் கெடுக்கும் வேகம் பயங்கரமானது.

நீற்றியதைத் தண்ணீர் மேலே நிற்கும்படி இரண்டு வாரமாவது ஊறவிட்டுச் சலித்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. இவ்வளவும் முடியாதென்றால் கடையில் மூட்டையாக வரும் நீற்றிய சுண்ணாம்புத் தூளை வாங்கி ஒரு நாள் முன்பே ஊறவைத்துப் பயன்படுத்தலாம், ஆனால் மூட்டை புதிதாக, பிரிக்காததாக இருக்கட்டும். காற்றுப்பட்டுக் கிடந்த தூள் ஏற்கெனவே பாதி கல்லாகியிருக்கும், பிடிக்காது.

கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்து, வெல்லத்தோடு சில நாள் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் சாந்து குழைப்பது நம் ஊரில் நெடுங்காலமாக இருக்கும் முறை, கோயில் திருப்பணிகளில் இன்றும் செய்கிறார்கள். வெளிச்சுவரில் ஒட்டுப்போடும் வேலைக்கு அது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. வெள்ளைக்கரு உங்கள் ஊர்ப் பெரிய வீடுகளின் உள்சுவரில் கண்ணாடி போல் மின்னும் மெருகுப் பூச்சுக்கு உரியது, தெருச்சுவருக்குத் தேவையே இல்லை.

கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. ஆசிட் ஊற்றலாமா?
*வாசகர், தென்காசி*

ஊற்றாதீர்கள். ஆசிட் சுண்ணாம்பைத்தான் முதலில் தின்னும். கன்று சிறிதாக இருந்தால் நல்ல மழை பெய்த மறுநாள், சாந்து இளகியிருக்கும்போது, வேரோடு இழுத்துவிடலாம். விரல் பருமனைத் தாண்டிவிட்டதென்றால் இழுக்கக் கூடாது, செங்கல் கூடவே வரும், கீழே நிற்பவர் தலையில் விழும். சுற்றியுள்ள நாலைந்து செங்கல்லை மெல்லக் கழற்றி, வேரை முழுசாக எடுத்து, அதே செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் திரும்ப வைத்துக் கட்டுங்கள். மணிக்கட்டு அளவுக்கு வேர் போயிருந்தால் கொத்தனார் வேலை அது.

எங்களுடையது 1994-இல் கட்டிய சிமென்ட் வீடு. வெளியே கருப்புப் பாசி, அங்கங்கே விரிசல். நாங்களே அடிக்கலாமா, எத்தனை லிட்டர் ஆகும்?
*வாசகி, சேலம்*

உங்கள் வீட்டுக்கு மேலே சொன்ன சுண்ணாம்புக் கதை வேண்டாம், எமல்ஷனே சரி. பாசியை ஈரமாக்கிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, ப்ளீச்சிங் பவுடர் கரைசலை அடித்து, சிறிது நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அதோடு ஆசிட்டையோ கழிவறை கழுவும் திரவத்தையோ கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். ஆனால் பாசி ஏன் அங்கே மட்டும் என்றும் பாருங்கள்: சன்ஷேட் அடியில் தண்ணீர் வடிந்து சுவரோடு ஓடுகிறதா, மொட்டைமாடிக் குழாய் போதுமான அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா. இல்லையென்றால் ஒரு துண்டுக் குழாயை மாட்டி நீட்டிவிடுங்கள், பாதிப் பாசி அதிலேயே நிற்கும்.

முடி போன்ற விரிசலைக் கொஞ்சம் அகலப்படுத்தித் தூசியை ஊதிவிட்டு, வெளிச்சுவருக்கான கிராக் ஃபில்லரை அழுத்தி நிரப்புங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, காசு நுழையும் அளவுக்கு இருக்கிற விரிசல் வேறு ரகம். அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். இரண்டு மாதத்தில் கோட்டைத் தாண்டினால் பெயிண்ட் வேலையை நிறுத்திவிட்டு இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.

சுவரைச் சமமாக்கப் பூசும் பட்டி, வெள்ளை சிமென்ட் பட்டியாக இருக்கட்டும், அக்ரிலிக் பட்டி உள்சுவருக்கு மட்டும்தான். புதிதாக சிமென்ட் பூசிய இடத்தில் 28 நாள் ஆகும் முன் பெயிண்ட் அடிக்காதீர்கள். அப்புறம் ஒரு கை ப்ரைமர், இரண்டு கை எமல்ஷன். வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் இரண்டு கைக்கு ஏறக்குறைய 50 முதல் 60 சதுர அடி வரும், ஆக 1,200 சதுர அடிச் சுவருக்கு 20 முதல் 24 லிட்டர். சொரசொரப்பான சுவர் இன்னும் குடிக்கும். காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல் கிழக்குச் சுவர் என்று நிழலிலிருக்கும் பக்கமாகவே அடியுங்கள், சுட்ட சுவரில் பெயிண்ட் பிடிக்கும் முன்பே காய்ந்துவிடும்.

பழைய ஜன்னல் கிரில்லில் ஐந்தாறு அடுக்கு பெயிண்ட் இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதுமா?
*வாசகர், மதுரை*

காய்ந்தபடி தேய்க்காதீர்கள். நம் நாட்டில் வீட்டு பெயிண்ட்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்-க்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி 2016-இல் வந்து 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும், அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பரால் ஈரமாகவே தேயுங்கள், கீழே பிளாஸ்டிக் விரித்து விழுவதை மடித்துக் கட்டிவிடுங்கள், துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் அந்த வேலை நடக்கும் நாளில் வேறு வீட்டில் இருக்கட்டும். ப்ளோ லாம்ப் வைத்து எரித்து உரிப்பதும் கூடாது. ஈரத்தைத் துடைத்து வெயிலில் நன்றாகக் காயவிட்டு, துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, எனாமல் இரண்டு கை.

மாடி உயரத்துக்கு ஏணியிலேயே நின்று அடித்துவிடலாமா?
*வாசகர், திருச்சி*

தரைத்தளம் வரை சரி. நாலடி உயரத்துக்கு ஓரடி என்று ஏணியின் கால் சுவரிலிருந்து தள்ளி இருக்கட்டும், 12 அடிக்கு 3 அடி. கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், கை எட்டவில்லையென்றால் உடம்பை வளைக்காமல் இறங்கி ஏணியை நகர்த்துங்கள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பி பக்கத்தில் அலுமினிய ஏணி வேண்டவே வேண்டாம், ஈர மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும், அந்தப் பக்கச் சுவரை அடிக்கும் முன் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். மாடிக்குச் சவுக்குச் சாரம் கட்டி, பெல்ட் போட்டு வேலை செய்யும் ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள். கீழ்ச் சுவரை நீங்களே செய்து மிச்சப்படுத்தும் பணத்தை அந்தக் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம்.