கன்று வாங்குமுன் தாய்மரத்தைக் கேளுங்கள்

கேள்வி: ஒட்டுசுட்டானில் புதிதாக வீடு கட்டிக் குடியேறியிருக்கிறோம். வளவு அரை ஏக்கர். போன வருடம் லொறியில் கொண்டுவந்து விற்றவர்களிடம் வாங்கிய மா, தோடைக் கன்றுகளில் பாதி பட்டுப்போயின. நல்ல பழமரக் கன்றுகளையும் பூச்செடிகளையும் எங்கே வாங்கலாம்?

பதில்: உங்கள் கைராசியைக் குறை சொல்லாதீர்கள். லொறியில் வரும் கன்றுகளில் பல, மழை அதிகமான தென்மேற்குப் பக்கத்தில், நிழல் வலையின் கீழ், தும்புச்சோறு கலந்த மண்ணில் வளர்ந்தவை. அந்தக் கலவை இலேசானது, ஏற்றி இறக்க வசதி. வன்னி வெயிலில் அது விரைவாகக் காய்ந்து கட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் பக்கத்தால் வழிந்து போகும், வேர் வெளியே வந்து செம்மண்ணைப் பிடிக்காது. சோழகம் வீசத் தொடங்கியதும் கன்று வாடிவிடும்.

ஆகவே, எங்கள் மண்ணிலும் வெயிலிலும் கன்று வளர்க்கிறவரைத் தேடுங்கள். முதலில் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். ஊரில் யார் ஒழுங்காக ஒட்டுக் கட்டுகிறார், விவசாயத் திணைக்களக் கன்றுகள் எப்போது விற்பனைக்கு வரும் என்று விசாரிக்க அவரே சரியான ஆள். தென்னம்பிள்ளைக்குத் தெங்குப் பயிர்ச்செய்கைச் சபையையும், மரமுந்திரிகைக்கு அதற்கான கூட்டுத்தாபனத்தையும் நாடுங்கள். தென்னை விடயத்தில் முன்பின் தெரியாத வியாபாரியை நம்பவே வேண்டாம். பிழையான பிள்ளை என்று தெரியவரும்போது ஐந்தாறு வருடம் போயிருக்கும்.

மாங்கன்றில்தான் ஏமாற்று அதிகம். கறுத்தக்கொழும்பான் என்று சொல்லி விற்பதெல்லாம் கறுத்தக்கொழும்பான் அல்ல. 'ஒட்டுக்கிளை எந்த மரத்தில் எடுத்தது?' என்று கேளுங்கள். நல்ல வளர்ப்பாளர் உங்களைத் தாய்மரத்தடிக்கே கூட்டிக்கொண்டு போவார். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். பிறகு கன்றைக் கையில் எடுத்து ஒட்டுப் பகுதியைப் பாருங்கள். இரண்டு தண்டும் ஒரே பருமனாக, வெடிப்பில்லாமல் கூடியிருக்க வேண்டும். கட்டிய பொலித்தீன் நாடா தண்டை இறுக்கி வெட்டியிருக்கக் கூடாது. ஒட்டுக்கு மேலே துளிர்த்த இலைகள் முற்றிக் கரும்பச்சையாகியிருந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது என்று நம்பலாம். கீழே மட்டும் துளிர் இருந்தால் வளர்வது அடிக்கட்டைதான், நீங்கள் கேட்ட இனம் அல்ல.

பையின் அடியையும் பாருங்கள். வேர் நிலத்துக்குள் இறங்கியிருந்த பையை இழுத்தெடுத்துத் தந்தால், முக்கியமான வேர் அறுந்துவிட்டது என்று அர்த்தம். வேர் பைக்குள் வளையமாகச் சுற்றியிருந்தால் அந்தக் கன்று மிகப் பழையது. ஆள் உயரக் கன்றுக்கு ஆசைப்பட வேண்டாம். முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும், தண்டு திரண்ட கன்று நட்ட பிறகு அதை முந்திவிடும். தோடை, தேசிக் கன்றுகளின் இலையில் மஞ்சள் வட்டம் சூழ்ந்த சொரசொரப்பான புள்ளி இருந்தால் ஒன்றைக்கூட வாங்காதீர்கள். அது சொறிநோய், வளவு முழுவதும் பரவும்.

பூச்செடிகளுக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. செம்பரத்தை, நந்தியாவட்டை, தேமா எல்லாம் தடி வெட்டி ஊன்றினாலே வளரும். அயலில் உங்கள் கண்ணுக்குப் பிடித்த செடி எந்த வீட்டில் நிற்கிறதோ அங்கே கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். வேலிக்குக் கிளுவை, பூவரசங் கதியால்களும் அப்படியே. வேம்புக்குப் பழுத்து விழுந்த கொட்டையைச் சுணங்காமல் ஊன்றுங்கள். சில வாரங்கள் கிடந்தாலே அதன் முளைப்புத்திறன் போய்விடும்.

பாலை, விளா வேண்டுமென்று காட்டில் கன்று பிடுங்காதீர்கள். ஒதுக்கக் காடுகளில் அது சட்டப்படி குற்றம். ஆணிவேர் அறுந்த கன்று பிழைப்பதும் அரிது. வனவளத் திணைக்களத்தின் நாற்றுமேடைகளில் விசாரியுங்கள்.

வடக்கில் கார்த்திகையை மரநடுகை மாதமாகக் கடைப்பிடிக்கிறார்கள், அந்த நாட்களில் கன்றுகள் பரவலாகக் கிடைக்கும். ஆனால் நல்ல ஒட்டுக்கன்றுகள் அதற்கு முன்பே முடிந்துவிடலாம், ஆவணியிலேயே சொல்லிவையுங்கள். முதல் மழைக்கு நிலம் நனைந்ததும் நட்டால், மாரி முடிவதற்குள் வேர் இறங்கிவிடும். வாங்கி வந்த அன்றே நட வேண்டாம். ஒரு வாரம் அரைநிழலில் வைத்து, பிறகு சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குங்கள்.