தெருவில் பந்தல் போடலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆடி நெருங்கிவிட்டது, பந்தல் சம்பந்தமான கடிதங்களும் குவிந்துவிட்டன. இந்த முறை மதுரைப் பக்கத்துக் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன்.

எங்கள் தெரு மாரியம்மன் பொங்கலுக்கு மூன்று நாள் பந்தலும் சின்ன மேடையும் போட வேண்டும். ஒரு இடத்தில் போலீஸ் கடிதம் எங்கே என்கிறார்கள், இன்னொரு இடத்தில் மாநகராட்சிக் கடிதம் கொண்டுவா என்கிறார்கள். முதலில் யாரிடம் போவது சார்?
- செல்லூர் வாசகர்

பந்தல் கால் நிற்கப்போகிற தரை யாருடையது? அதைத் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும். உள்தெரு என்றால் பெரும்பாலும் மாநகராட்சி, உங்கள் மண்டல அலுவலகத்து உதவி ஆணையருக்கு மனு. பஸ் போகிற பெரிய ரோடுகளில் பல நெடுஞ்சாலைத் துறையுடையவை, அங்கே மாநகராட்சிக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கோயில் இடம் என்றால் அறநிலையத் துறையின் செயல் அலுவலர், வைகைக் கரையை ஒட்டி என்றால் நீர்வளத் துறை, தனியார் பட்டா என்றால் உரிமையாளரின் கையெழுத்துப் போட்ட கடிதம். இடத்துக்கு இவர்கள் பொறுப்பு என்றால் கூட்டம், போக்குவரத்து, ஒலிபெருக்கி மூன்றும் போலீஸ் பொறுப்பு. ஒன்றின் அனுமதி இன்னொன்றுக்குப் பதிலாகாது. ஆனால் ஒன்று வந்த பிறகுதான் இன்னொன்றைக் கேட்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கவும் வேண்டாம்: இரண்டு மனுவையும் ஒரே நாளில் கொடுங்கள், இங்கே கொடுத்ததன் நகலை அங்கே இணையுங்கள், இரண்டிலும் தேதியோடு சீல் போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டால் வாயாலேதான் திருப்பி அனுப்புவார்கள். சீல் போட்ட காகிதம் கையில் இருந்தால் பேச்சே மாறும்.

மனுவில் எல்லோரும் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. திருவிழாத் தேதியை எழுதுகிறார்கள், பந்தல் கட்டும் நாளையும் பிரிக்கும் நாளையும் எழுதுவதில்லை. மூன்று நாள் விழாவுக்குத் தெரு ஐந்தாறு நாள் அடைபடுகிறது என்பது அதிகாரிக்கும் தெரியும், அதனால் அதை நீங்களே எழுதிவிடுவது மரியாதை. அதோடு கையால் வரைந்த ஒரு வரைபடம்: தெரு எத்தனை அடி, பந்தல் எத்தனை அடி, மீதி எத்தனை அடி, மேடை எந்தப் பக்கம், ஜெனரேட்டர் எங்கே. பொறுப்பாளர்கள் இரண்டு மூன்று பேரின் செல் நம்பர், பந்தல்காரர் நம்பர்.

மீதி எத்தனை அடி என்பதில்தான் அனுமதி நிற்கும் அல்லது விழும். தீயணைப்பு வண்டியே எட்டடி அகலத்துக்கு வரும், அதனால் பத்தடியாவது வழி விடுங்கள். வண்டி பந்தலுக்கு அடியில்தான் நுழைய வேண்டும் என்றால், அந்த இடத்தில் பதினைந்தடி உயரம் தேவை. சீரியல் செட் தோரணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பலர் பந்தலை உயர்த்திக் கட்டிவிட்டு அலங்காரத்தைத் தலையில் இடிக்கிற மாதிரி தொங்கவிடுகிறார்கள். தெரு குறுகல், பத்தடி விட முடியாது என்றால் பந்தலைச் சுருக்குங்கள் அல்லது பக்கத்தில் காலி மனை தேடுங்கள். முழுத் தெருவையும் அடைத்துக்கொண்டு அனுமதி தரவில்லையே என்று கோபப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. நெஞ்சுவலி வந்தவர் வீட்டுக்கு 108 எப்படிப் போகும்?

எத்தனை நாள் முன்னால்? பதினைந்து நாளாவது. சித்திரை மாதம் என்றால் ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். திருக்கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது என்று நகரத்துப் போலீஸ் மொத்தமும் பந்தோபஸ்தில் நிற்கும்போது உங்கள் தெருவை வந்து பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

கீற்றுப் பந்தல் வேண்டாம், தகரம் போடு என்று வற்புறுத்துகிறார்கள். கீற்றுதானே குளிர்ச்சி? தீயணைப்புத் துறையிடம் வேறு தடையில்லாச் சான்று கேட்கச் சொல்கிறார்கள்.
- திருமங்கலம் வாசகர்

குளிர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் 2004 ஜனவரி 23-ம் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கீற்றுக்கொட்டகை பற்றி எரிந்து மாப்பிள்ளை உட்பட 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், வீடியோ விளக்குக்கான மின்இணைப்பில் கிளம்பிய பொறி என்று அப்போது சொல்லப்பட்டது. அதற்கு முன் 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு நேரத்தில் யாகசாலைப் பந்தல் எரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டிலும் தீ ஒரு பக்கம், வெளியே போக முண்டியடித்தது இன்னொரு பக்கம். அதனால் அதிகாரி கீற்றைப் பார்த்ததும் முகம் சுளித்தால் அதற்குக் காரணம் இருக்கிறது.

தகரம் போட்டுவிட்டால் போதும் என்பதும் இல்லை. தகரத்துக்கு அடியில் அழகுக்குக் கட்டும் பாலியஸ்டர் துணி எரிந்தால் உருகித் தலையில் சொட்டும். தற்காலிகப் பந்தலுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதி இருக்கிறது, எண் 8758. அதன் சாரம் இதுதான்: செயற்கை இழைத் துணியும் கயிறும் கூடாது, கூரை மூன்று மீட்டருக்குக் குறையக்கூடாது, மின்கம்பிக்கு அடியில் கட்டவே கூடாது, ரயில் பாதையிலிருந்தும் துணைமின் நிலையத்திலிருந்தும் 15 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும், வெளியேறும் வழி ஒன்றோடு நிற்கக்கூடாது. தீயணைப்பு நிலையத்துக்காரர் வந்து பார்ப்பதும் ஏறக்குறைய இதைத்தான். நான் கூடுதலாகச் சொல்வது, சமையல் அடுப்பும் சிலிண்டரும் பந்தலை விட்டுத் தள்ளித் தனியாக இருக்கட்டும். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டரை ஒளித்து வைக்காதீர்கள், டீசல் கேனை அதன் பக்கத்திலேயே வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மணல் வாளிகளைச் சாமி படத்துக்குப் பின்னால் தள்ளாமல் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள்.

கரண்டுக்குப் பக்கத்துப் போஸ்ட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் லைட் செட்காரர். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம்.
- அவனியாபுரம் வாசகர்

கொக்கி போடுவது மின்திருட்டு. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் 135-வது பிரிவில் வழக்கு வரும், அது லைட் செட்காரர் பெயரில் மட்டுமல்லாமல் விழாக் கமிட்டி பெயரிலும் வரலாம். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு கேளுங்கள். வீட்டுக் கட்டணத்தைவிட அதிகம்தான், ஆனாலும் ஜெனரேட்டர் வாடகையையும் டீசலையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் ஊர் திருவிழாவில் ஆடல் பாடல் வைக்க மனு கொடுத்தோம், பதிலே இல்லை. ராத்திரி பன்னிரண்டு வரை மைக் போட வழி உண்டா அண்ணே?
- உசிலம்பட்டி பக்கத்திலிருந்து ஒரு இளைஞர்

தம்பி, மைக் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது. பண்டிகைக்காகப் பன்னிரண்டு வரை தளர்வு உண்டு, ஆனால் அதை மாநில அரசுதான் அறிவிக்க வேண்டும், அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் போகாது. உள்ளூர் இன்ஸ்பெக்டர் தெரிந்தவர் என்பதற்காக அவர் கொடுக்கக்கூடிய சலுகை அல்ல. குடியிருப்புப் பகுதியில் பகலிலேயே அளவு 55 டெசிபல்தான், கூம்பு ஸ்பீக்கர் ஒன்றைக் கட்டினாலே அதைத் தாண்டிவிடும். பெட்டி ஸ்பீக்கரைப் பந்தலுக்குள் பார்த்துத் திருப்பி வையுங்கள்.

ஆடல் பாடலுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு மேல் வழக்காக வந்து நிபந்தனைகள் ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டன: ஆபாச உடையோ நடனமோ கூடாது, இரட்டை அர்த்தம் கூடாது, சாதியையோ கட்சியையோ தூக்கிப் பிடிக்கும் பாட்டு கூடாது. இவற்றுக்குக் கட்டுப்படுகிறோம் என்று மனுவிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பதில் வராவிட்டால் டிஎஸ்பி அலுவலகத்தில் நினைவூட்டல் கொடுங்கள், மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். கோர்ட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். விழாவுக்கு முந்தின நாள் வக்கீலைத் தேடி ஓடாதீர்கள்.

மேடையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆடப்போகிறவர்கள் எட்டுப் பேர் என்றால் பாட்டு சூடுபிடித்ததும் ஏறப்போகிறவர்கள் எண்பது பேர். மேடைக்கு முன்னால் சவுக்குக் கட்டைத் தடுப்பு, ஏறும் படி ஒரே பக்கம், அங்கே நம்மூர்ப் பையன்கள் நாலு பேர். ஜல்லிக்கட்டில் பார்வையாளர் கேலரிக்குப் பொதுப்பணித் துறைப் பொறியாளர் சான்று கேட்பது சும்மா இல்லை.

சொந்தப் பட்டா இடத்தில் மகள் காதுகுத்துக்குப் பந்தல் போட்டால்கூட அனுமதி வேண்டுமா?
- ஒத்தக்கடை வாசகி

வீட்டு விசேஷப் பந்தலுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் அம்மா. மைக் செட் உண்டென்றால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள். பந்தலின் ஒரு கால் ரோட்டில் இறங்கினாலும் முதல் கேள்விக்கான பதில் உங்களுக்கும் பொருந்தும். மொய் எழுதுகிற டேபிள் ரோட்டோரம் வேண்டாம். ஃப்ளெக்ஸ் பேனருக்குத் தனி அனுமதி வேண்டும், 2019-ல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு பெண் இறந்த பிறகு கெடுபிடி அதிகம். குழந்தை படத்தை வாசலுக்குள்ளேயே வையுங்கள்.

விழா முடிந்து ஒரு வாரமாகியும் பந்தல்காரர் பிரிக்க வரவில்லை. ரோட்டில் தோண்டிய குழிக்கு மாநகராட்சி எங்களிடம் பணம் கேட்கிறது.
- ஜெய்ஹிந்துபுரம் வாசகர்

அனுமதி உங்கள் கமிட்டி பெயரில் இருக்கிறது, அதனால் உங்களைத்தான் கேட்பார்கள். அடுத்த முறை பிரிக்கும் தேதியை வாடகைச் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், பாக்கித் தொகையை இடம் சுத்தமான பிறகு கொடுங்கள். தார் ரோட்டில் கடப்பாரை போடவே விடாதீர்கள். மணல் நிரப்பிய டிரம்மில் காலை நிறுத்தலாம், இப்போது பல பந்தல்காரர்களிடம் இரும்புத் தட்டு வைத்த கால்களும் இருக்கின்றன. கட்டுவதற்கு முன்னும் பிரித்த பின்னும் ரோட்டைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள், பழைய குழிக்கும் சேர்த்து உங்கள் தலையில் கட்டாமல் இருக்க.