வாசகர் கேள்வி–பதில்: மளிகைக்குக் கிரெடிட் கார்டு போடலாமா?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. மளிகை, மருந்து, துணிமணி எல்லாவற்றுக்கும் சம்பளக் கணக்கின் டெபிட் கார்டைத்தான் பயன்படுத்துகிறேன். கிரெடிட் கார்டுக்கு மாறுவதே பாதுகாப்பு என்கிறான், சென்னையில் வேலை பார்க்கும் மகன். என் கணவருக்கோ கடன் என்ற சொல்லே ஆகாது. யார் சொல்வது சரி?
– வாசகி, விருதுநகர்

பதில்: உங்கள் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்காகக் கணவரின் அச்சத்தைத் தள்ளிவிடவும் வேண்டாம். கார்டை ஒழுங்காக வைத்துக்கொள்ள அந்த அச்சம் உதவும்.

டெபிட் கார்டைத் தேய்த்த கணமே உங்கள் கணக்கிலிருந்து பணம் போய்விடுகிறது. கிரெடிட் கார்டில் முதலில் போவது வங்கியின் பணம்; உங்கள் பணம், பில் கட்ட வேண்டிய கடைசி நாளான கெடு தேதி வரை உங்களிடமே இருக்கும். கார்டு விவரம் திருடுபோகும்போதுதான் இந்த வேறுபாட்டின் முழு அருமை தெரியும். சில ஆண்டுகளுக்கு முன், மாதம் பிறந்த இரண்டாம் நாள் விடியற்காலையில், என் செல்பேசிக்கு அடுத்தடுத்து மூன்று குறுஞ்செய்திகள் வந்தன. நான் போயே இராத ஓர் ஊரின் ஏ.டி.எம்.மில், பத்தாயிரம் பத்தாயிரமாக என் சம்பளக் கணக்கிலிருந்து முப்பதாயிரம் ரூபாய் எடுக்கப்பட்டிருந்தது. டெபிட் கார்டோ என் பர்ஸிலேயே இருந்தது. அன்றே புகார் கொடுத்ததால் பணம் திரும்பி வந்தது. ஆனால் அது வந்து சேரும்வரை வாடகைக்கும் பாலுக்கும் தங்கையிடம் கைமாற்று வாங்கித்தான் சமாளித்தேன்.

சட்டப் பாதுகாப்பு இரண்டு கார்டுகளுக்கும் உண்டு. ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டு பிறப்பித்த விதிப்படி, வங்கியின் தவறோ உங்கள் தவறோ இல்லாமல் மூன்றாம் நபரால் மோசடி நடந்து, தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் நீங்கள் தெரிவித்துவிட்டால், இழப்பு உங்களைச் சேராது. புகார் கிடைத்த 10 வேலை நாள்களுக்குள் வங்கி அந்தத் தொகையை வரவு வைக்க வேண்டும். அந்தப் பத்து வேலை நாள்களைச் சம்பளக் கணக்கு காலியான வீடு எப்படிக் கடத்துவது? நான் கிரெடிட் கார்டின் பக்கம் சாய்வது இதனால்தான். ஆனால் ஓ.டி.பி.யை நீங்களே யாரிடமாவது சொல்லிவிட்டால், நீங்கள் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு முழுவதும் உங்களுடையதே. எந்தக் கார்டானாலும் இதில் மாற்றமில்லை.

கார்டு வாங்கிய உடனே வங்கிச் செயலியில் இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். முதலில், வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உங்கள் மாதச் செலவுக்குத் தக்க உச்சவரம்பை நீங்களே வையுங்கள். வங்கி இரண்டு லட்சம் ரூபாய் வரம்பு தந்தால் அது உங்கள் வருமானம் ஆகிவிடாது. அடுத்து, பில் தொகை கெடு தேதியில் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி ஏற்பாடு செய்யுங்கள். அங்கே ‘மொத்தத் தொகை’, ‘குறைந்தபட்சத் தொகை’ என்று இரண்டு வாய்ப்புகள் இருக்கும். மொத்தத் தொகையையே தேர்ந்தெடுங்கள்.

வட்டியில்லாத காலம் எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவு கிடையாது. மாதாமாதம் பில் போடும் தேதி 5, கெடு தேதி 25 என்று வைத்துக்கொள்வோம். 5ஆம் தேதிக்குப் பிறகு வாங்குவது அடுத்த மாதப் பில்லில்தான் வரும். ஜூன் 6ஆம் தேதி வாங்கிய அரிசிக்கு ஜூலை 25 வரை, அதாவது 49 நாள் அவகாசம். ஜூன் 4ஆம் தேதி வாங்கியிருந்தால் 21 நாள்தான். ஏ.டி.எம்.மில் இந்தக் கார்டைப் போட்டுப் பணம் எடுக்கவே எடுக்காதீர்கள்; அதற்கு எடுத்த அன்றிலிருந்தே வட்டி ஓடும், தனிக் கட்டணமும் உண்டு.

என் தாயார் ஒரு நாற்பது பக்க நோட்டில் வங்கி இருப்பை மேலே எழுதி, கார்டில் 640 ரூபாய்க்கு மருந்து வாங்கினால் அன்றிரவே அந்த 640ஐக் கழித்துவிடுவார். வங்கியில் பணம் இருந்தாலும் நோட்டில் இருக்காது. அவர் ஒரு மாதம்கூடப் பில் கட்டத் திணறியதில்லை. நீங்களும் முதல் மூன்று மாதம் மளிகைக்கும் மருந்துக்கும் மட்டும் கார்டை வைத்துக்கொண்டு, உங்கள் கணவர் கையாலேயே அந்தக் கணக்கை எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: கை இறுக்கமான மாதத்தில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் போதாதா?
– வாசகர், திருப்பூர்

பதில்: தாமதக் கட்டணம் விழாது, அவ்வளவுதான், வட்டி விழும். பில் 20,000 ரூபாய், குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய், வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மீதி 19,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 665 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து ஏறக்குறைய 785 ரூபாய். நீங்கள் கட்டிய ஆயிரத்தில் அசலுக்குப் போவது 215 ரூபாய்தான். பாக்கி இருக்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத காலம் கிடையாது. மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42 சதவீத வட்டி. வங்கி நகைக்கடன் வட்டி இதைவிடப் பல மடங்கு குறைவு. ஆகவே அந்த மாதம் கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு வளையலை வங்கியில் வைத்தாவது பாக்கியை முழுவதும் தீர்த்துவிடுங்கள்.