அபாஸ்ட்ரஃபிக்கு அப்புறம் பெரிய எஸ்: பதில்

ராயபுரம் பார்சல் முகவரிப் பட்டியல்ல இங்கிலீஷ் பேர்களோட முதலெழுத்தைப் பெரிசாக்கும்போது, ‘செயின்ட் பீட்டர்ஸ்’ல அபாஸ்ட்ரஃபிக்கு (மேல போடுற காற்புள்ளி மாதிரி குறி) அப்புறம் வர்ற கடைசி எஸ்ஸும் பெரிய எழுத்தா மாறுதுன்னு கேட்டிருந்தீங்க. பைத்தான் நிரல் மொழியில வார்த்தைகளோட முதலெழுத்தைப் பெரிசாக்குற டைட்டில் அப்படித்தான் பண்ணும் சார். ரெஜெக்ஸ்ல (எழுத்து வடிவத்தை வெச்சுத் தேடுற முறை) வார்த்தை எல்லையைக் குறிக்கிற பேக்ஸ்லாஷ் பி போட்டாலும் அதே கதைதான்; அபாஸ்ட்ரஃபி வந்ததுமே வார்த்தை முடிஞ்சுதுன்னு எடுத்துக்கும்.

எல்லாத்தையும் முதல்ல லோயர் பண்ணி சின்ன எழுத்தாக்கிடுங்க. அப்புறம் பேக்ஸ்லாஷ் பி-க்குப் பதிலா நெகட்டிவ் லுக்பிஹைண்ட் (‘முன்னாடி இது இருக்கக்கூடாது’ங்கிற நிபந்தனை) போடுங்க: சதுர அடைப்புக்குள்ள குடுக்கிற எழுத்தோ அபாஸ்ட்ரஃபியோ முன்னாடி இருந்தா அந்த எழுத்தைப் பெரிசாக்கக்கூடாது. வேர்டுல இருந்து ஒட்டின வளைஞ்ச அபாஸ்ட்ரஃபி தனி கேரக்டர், அதையும் அதே சதுர அடைப்புக்குள்ள சேர்த்துடுங்க. படுத்துறதே பெரும்பாலும் அதுதான்.

பெரம்பூர் டிசூசா, டிக்ரூஸ் பேர்ல டி-க்கு அப்புறம் அபாஸ்ட்ரஃபி வரும், அதுக்கு இன்னொரு தடவை ஓட்டணும்: ஒத்தை டி, அபாஸ்ட்ரஃபி, அதுக்கு அடுத்த எழுத்து பெரிசு.

‘செயின்ட்’டை எஸ், டி, புள்ளின்னு சுருக்கித் தேடினா புள்ளிக்கு முன்னாடி பேக்ஸ்லாஷ் போடுங்க. இல்லன்னா ரெஜெக்ஸ்ல புள்ளி எந்த எழுத்தாவும் இருக்கலாம்னு ஆகி, ‘ஸ்டோர்ஸ்’ எல்லாம் மாட்டும்.